சேத மதிப்பீடு

கொட்டாஞ்சேனை
14.3.1994

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதாவின் துணையால் நான் சுகம். உங்கள் முழங்கால் நோவும் தங்கச்சி டோரினின் இருமலும் எப்படி?

பத்திரிகையில் புது வேலை தந்திருக்கிறார்கள். இராணுவ அறிக்கைகளில் வரும் ஆங்கிலச் சுருக்கங்களுக்கும் விமானச் சொற்களுக்கும் நான் தமிழ் தேட வேண்டும். குண்டு போட விமானம் தாழ்ந்து பாய்வதற்கு அகராதியில் சொல் அகப்படவில்லை. "எங்கட அம்மா 'பொம்மர் பதியுது' எண்டுதான் சொல்லுவா" என்றேன். ஆசிரியர் ராசிக் சிரிக்கவில்லை. "அதையே போடுங்க" என்றார். இப்போது உங்கள் சொல் அச்சில் வருகிறது.

போன மாதம் ஒன்பதாம் திகதி அறிக்கையில் 'பி.டி.ஏ.' என்று இருந்தது. குண்டு போட்டபின் சேதத்தை மதிப்பிடுவதாம். அது இன்னும் முடியவில்லை என்றும் இருந்தது. இடம் எங்கள் ஊர். பிழையில்லாமல் மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைமாறிக் கைமாறி வந்தது. கோழி அடைகிடப்பதையும் கிணற்றுக் கயிறு அறுந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். வழமைபோலத் திகதி போடவில்லை. அந்த ஒன்பதாம் திகதிக்கு முந்தி எழுதியதா, பிந்தி எழுதியதா என்று தெரியவில்லை.

இதைக் கொண்டுவருபவர் புறப்பட்டு நிற்கிறார். பதிலில் முதலில் திகதியைப் போடுங்கள். வேறொன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் மகன்,
கொன்ஸ்ரன்ரைன்