ஓடையில் பதினான்கு பிள்ளைகள்

யட்டியாந்தோட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

செவ்வாய்க்கிழமை ஐந்தாம் தரப் பிள்ளைகள் பதினான்கு பேரோடு தோட்டத்து ஓடையில் பிளாஸ்டிக் குப்பை பொறுக்கினோம். மேலே மலையில் மழை போல, தண்ணீர் திடீரென்று ஏறியது. எல்லோரையும் கரையேற்றி எண்ணினேன், பதின்மூன்று பேர்தான். கத்தினேன், இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அருள்செல்வி எதிர்க்கரைப் பாறையில் குப்பைச் சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் வடிந்ததும் தோட்டத்து ஆட்கள் தூக்கி வந்தார்கள்.

"சாக்கைப் போட்டுட்டு ஓடி வந்திருக்கலாமே?"

"போட்டா மறுபடி தண்ணியிலதானே போகும், டீச்சர்."

பயப்படாதீர்கள், எல்லோரும் நலம். நான்தான் வகுப்பிலும் எண்ணிக்கொண்டே இருக்கிறேன். அலுமாரியில் நெட்போல் விளையாட்டில் நான் ஊதிய பழைய விசில் இருக்கும். அதைச் சீக்கிரம் அனுப்புங்கள், அம்மா. மணி அடிக்கிறது.

உங்கள் மகள்,
மெரினா