பழைய பக்கமாகவும் இருக்கலாம்

ஜூன் 3, செவ்வாய்

பங்காருபேட்டையில் ரயில் நாற்பது நிமிஷம் நின்றது. எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கும்போது ஏழேகால். ராஜப்பா அண்ணன் ஆட்டோ இன்றைக்கும் இல்லை. நடந்தே வந்தேன்.

பெங்களூர் ஆபீசில் நல்ல நாள். வீட்டுக்காரர் ரிச்சர்டிடம் வேலையைப் பற்றிப் பேசினால் கொட்டாவி விடுகிறார், அதனால் இங்கே எழுதுகிறேன். ஜனங்கள் போனில் கேட்கும் கேள்விக்கு எங்கள் ஏஐ ஏஜென்ட் பதில் சொல்லும். அதன் கையில் இணையத் தேடல் மாதிரி நாலைந்து கருவிகள். எதை எப்போது எடுப்பது, அதில் வருவதை எவ்வளவு நம்புவது என்று அதற்குச் சொல்வது என் வேலை. ஒவ்வொரு கருவிக்கும் நான் எழுதும் குறிப்பை வைத்துத்தான் அது நடக்கும். இணையத் தேடலுக்கு ஒரே வரி எழுதினேன்: "எதைக் கேட்டாலும் இணையத்தில் தேடி, இன்றைய சரியான தகவலைத் தரும்." டீம் லீட் நேத்ரா, "சூப்பர், கிளையன்ட்டுக்குப் பிடிக்கும்" என்றாள்.

ஜூன் 5, வியாழன்

அரைநாள் லீவு. ஸ்டேஷனில் ராஜப்பா அண்ணன் இருந்தார். சாயங்காலம் ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

"கண்ணுல பொரை வுழுந்துகீதும்மா. எதிர்ல லைட்டு வந்தா ரோடே தெர்ல. ஆறரைக்கு மேல வண்டி எடுக்கறதில்ல."

பெங்களூர் போனவர்கள் திரும்புவதே ஆறரைக்கு மேல்தான். அவர் பிழைப்பே அந்த இரண்டு மணி நேரம். இலவசக் கண் முகாம் எங்காவது போடுவார்களா என்றார். என் போனில் எங்கள் ஆப் இருந்தது. "இதையே கேளுங்கண்ணா."

கேட்டார். கணீரென்று பதில் வந்தது: ஜூன் இரண்டாம் ஞாயிறு, காலை ஆறு மணி, பங்காருபேட்டையில் ஒரு பள்ளிக்கூடம், அங்கேயே ஆபரேஷனுக்குப் பெயர் எழுதிக்கொள்வார்கள்.

"அடேங்கப்பா! இத்த நீயா எழுதுன?"

தலையை ஆட்டினேன். இன்னா பெருமை எனக்கு!

ஜூன் 8, ஞாயிறு

அண்ணன் போயிருப்பார். நல்லபடியா நடக்கட்டும், மாதாவே.

ஜூன் 9, திங்கள்

முகாமும் இல்லை, மண்ணும் இல்லை. அது போன வருஷத்து அறிவிப்பாம். அண்ணன் விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய், பூட்டின கேட்டுக்கு முன்னால் ஒன்பது மணி வரை உட்கார்ந்திருக்கிறார். வாட்ச்மேன் வந்து சிரித்தானாம்.

வீட்டுக்குப் போனேன். "வுடும்மா. கண்ணும் வேணாம், காட்டறதும் வேணாம்" என்று உள்ளே போய்விட்டார். ஆட்டோவை விற்றுவிடப் பேச்சு நடக்கிறது என்று அவர் மனைவி பார்வதம்மா மெதுவாகச் சொன்னார்.

ஜூன் 10, செவ்வாய்

ஆபீசில் அண்ணன் கேட்ட கேள்வியின் பதிவைத் திறந்து பார்த்தேன். ஏஜென்ட் தேடியிருக்கிறது. கிடைத்த பக்கத்தில் வருஷமே போடவில்லை. கீழே ஒரு போன் நம்பர் இருந்தது, அதைச் சொல்லவும் இல்லை. ஏன் சந்தேகப்படல? ஏன் படணும்? இன்றைய சரியான தகவல்னு நான்தானே எழுதி வெச்சேன்! கடை போர்டு மாதிரி எழுதிட்டு, சூப்பர்னு பேர் வேற வாங்கிட்டேன். ச்சே.

அந்த நம்பருக்கு நானே பேசினேன். இந்த வருஷம் முகாம் ஜூலை 6.

ஜூன் 11, புதன்

அண்ணனிடம் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். ஜூலை 6 கட்டாயம் உண்டு என்றேன்.

"போன தபாவும் உண்டுன்னுதானே சொன்ன? நல்லா எழுதுன, போ."

ஜூன் 12, வியாழன்

குறிப்பை மாற்றினேன்: "தேதி உறுதியாகத் தெரியாவிட்டால் பதில் சொல்லாதே." எழுபது கேள்விகளைக் கேட்டுப் பார்த்தேன். இட்லி மாவுக்கு எவ்வளவு உளுந்து என்றால்கூட, தேதி தெரியவில்லை, மன்னிக்கவும் என்கிறது. அழுகையிலும் சிரிப்பு வந்தது.

ஜூன் 16, திங்கள்

நாலாவது தடவை சரியாக அமைந்தது: "இணையப் பக்கங்களைத் தேடும். கிடைப்பது பழைய பக்கமாகவும் இருக்கலாம். முகாம், பஸ் நேரம், விலை போன்று மாறுகிற விஷயம் என்றால், பக்கம் எப்போது எழுதப்பட்டது என்று பார். தெரியாவிட்டால் அதைக் கேட்டவரிடம் சொல். போன் நம்பர் இருந்தால் கொடு. மாறாத விஷயத்துக்கு இது வேண்டாம்."

"நம்ம டூலை நாமே குறை சொல்றதா? கிளையன்ட் என்ன நினைப்பாங்க?" என்றாள் நேத்ரா. அண்ணன் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். குறிப்பை இன்னொரு தடவை படித்துவிட்டு, "சரி, போடுங்க" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் அண்ணன் எதிரே வந்தார். "உன் போனக் குடு" என்றார். மடக்குவதற்காகவே ஆப்பிடம் அதே கேள்வியைக் கேட்டார்.

"எனக்குக் கிடைத்த அறிவிப்பில் வருஷம் இல்லை. பழையதாக இருக்கலாம். போவதற்கு முன் இந்த எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள்."

அண்ணன் போனையே பார்த்தார். "தெர்லன்னு சொல்லுதேம்மா!"

"ஆமாண்ணா."

தன் போனிலிருந்து அந்த நம்பரைப் போட்டார். எடுத்த பெண் ஜூலை ஆறு என்றாள். "இந்த வருசந்தானே? இந்த வருசந்தானே?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

ஜூலை 6, ஞாயிறு

நானும் கூடவே போனேன். கேட் திறந்திருந்தது. ஆபரேஷனுக்கு அண்ணன் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ரயில் மறுபடியும் லேட். கோரமண்டலில் இறங்கும்போது எட்டு மணி, நல்ல இருட்டு, தூறல் வேறு. நடக்க வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற ஆட்டோவிலிருந்து ஒரு குரல்.

"இன்னாம்மா, பை ஜிப்பு தொறந்துகினு கீது, பாத்துக்கினு வா!"