நீ சொன்னதையே சொன்னேன்

என் சண்டைக்காரிக்கு,

நலமா? முதுகுவலி தேவலையா? நான் சுகம்.

நேற்று போனில் நான் கேலி செய்யவில்லை. முதலாளியையும் அவர் மனைவியையும் வாரந்தோறும் குடும்ப ஆலோசகரிடம் காரில் கூட்டிப்போகிறேன் அல்லவா? "ஒருத்தர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிட்டு, அப்புறம் பதில் பேசுங்க" என்று அந்த ஆலோசகர் சொல்லியிருக்கிறாராம். காரிலேயே பழகுகிறார்கள், சண்டை பாதியாகிவிட்டது. நாமும் செய்து பார்க்கலாமே என்று எனக்கு ஆசை.

நீ, "பையன் இப்பல்லாம் உங்களைப் பத்திக் கேக்கறதே இல்ல" என்றாய். நானும் அதையே சொன்னேன். "என்ன, கிண்டலா?" என்று போனை வைத்துவிட்டாய்.

வைத்ததும் நல்லதுதான். திருப்பிச் சொல்ல முடிந்தது, பதில்தான் வரவில்லை.

இதோ, அவர்கள் வந்துவிட்டார்கள், வண்டியை எடுக்க வேண்டும். பையனின் செருப்பு அளவை மட்டும் எழுது. என்னிடம் இருப்பது பழைய அளவு.

உன் டிரைவர்