பின் இருக்கைக்காரர்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கு வெற்றி எனக்கு. விடியற்காலையிலேயே என் வீட்டுக்காரருடைய சைக்கிளின் தபால் பெட்டி மூடிமேல் ஒரு தாளை ஒட்டிவிட்டேன்: "வண்டி விற்பனைக்கு இல்லை. ஓட்டுபவரை விலை பேசலாம்." ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் பருமன். பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு துறை வாசலிலும் இறங்கி, அந்த மூடியைத் திறந்துதான் இவர் தபால் எடுத்துக் கொடுக்க வேண்டும். கண்ணில் படாமல் இருக்கவே முடியாது. ஆனால் மனுஷன் மாலைவரை அதோடு ஊர்சுற்றிவிட்டு வந்து நிற்கிறார்!

நான் பரிமாறும் மாணவர் உணவுக்கூடத்தில் பிள்ளைகள் தட்டை நீட்டிக்கொண்டே, "அக்கா, மாமா என்ன விலை?" என்று கேட்டார்கள். "ஓசியிலேயே தர்றேன், தூக்கிட்டுப் போங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும், "என்ன, இன்னைக்கு எல்லாரும் பல்லக் காட்டுறாங்க?" என்றார். மூடியைக் காட்டினேன். "ஆபீஸ்ல ஏதோ ஒட்டியிருக்காங்கன்னு விட்டுட்டேன்" என்கிறார்.

நான் ஒன்று செய்தால் உடனே இரண்டாகத் திருப்பித் தருகிற ஆள். வயசாகிறது போல.

மார்ச் 6, வியாழன்

ஷூ ஜோடியை மாற்றி வைத்தேன். ஒரு காலுக்குக் கறுப்பு, ஒரு காலுக்குக் காப்பி நிறம். மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார். இதுவும் வெற்றிதான். ஆனால் சப்பென்று இருக்கிறது. எதிராளி ஆடாத ஆட்டத்தில் என்ன சுகம்?

மார்ச் 7, வெள்ளி

நூலகத்துக்கு முன்னால் சைக்கிள் பாதையில் இவர் எதிரே வந்தார். நான் என் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, இடுப்பில் கை வைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றேன். பிரேக் பிடித்தார்.

"கொஞ்சம் வழி விடுங்கம்மா. அவசரத் தபால்."

விடுங்கம்மாவாம்! கல்யாணமான நாளிலிருந்து இந்த மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை. விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் இவர் முகம் மாறியது.

"அட, நீயா... தெரியும் தெரியும். சும்மா விளையாடினேன்."

விளையாடவில்லை. இவர் விளையாடினால் மூக்கு விடைக்கும், எனக்குத் தெரியாதா? கைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்கிறேன் — இவருக்கு நான் தெரியவில்லையா? அப்படியென்றால் அந்தத் தாள்? அந்த ஷூ?

மார்ச் 9, ஞாயிறு

மகள் அடுப்படியில் வந்து காதைக் கடித்தாள். அவள் வேலை செய்யும் வாடகை சைக்கிள் கடைக்கு எதிரில் நடந்ததாம். "அம்மா, முந்தாநாள் ஒரு பொண்ணு தள்ளிட்டு வந்த பாப்பா வண்டி மேலயே அப்பா சைக்கிள ஏத்தப் பாத்தாரு. அந்தப் பொண்ணு சடக்குனு இழுத்துக்கிட்டா. இல்லன்னா... கேட்டா, வெயில் கண்ணுல அடிச்சுதுங்கறாரு. முந்தாநாள் எங்கம்மா வெயில்?"

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "ஏங்க, ஒரு நடை கண் டாக்டரப் பாத்துட்டு வரலாமா?"

பாய்ந்தார். "என் கண்ணுக்கு என்ன கேடு? இந்த ஊர்ல மூலைமுடுக்கெல்லாம் எனக்கு மனப்பாடம்!" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.

மனப்பாடம்தான். இத்தனை நாளாக அதை வைத்துத்தான் ஓட்டியிருக்கிறார். யாரோ பெத்த பிள்ளை குறுக்க வருமே, அது எந்த மனப்பாடத்துல இருக்கு? நாளைக்கும் வண்டியை எடுப்பாரே. நான் என்ன செய்வேன்?

மார்ச் 10, திங்கள்

சண்டை போட்டால் இவர் ஜெயிப்பார். ஏமாற்றினால் நான் ஜெயிப்பேன்.

மார்ச் 11, செவ்வாய்

"ஐயோ, என் முட்டி" என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் தனியாக சைக்கிள் மிதிக்க என்னால் ஆகாது என்று அழுகை வேறு. சொல்லி வைத்தபடி மகள் கடையிலிருந்து இருவர் மிதிக்கும் நீள சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். காலையில் நானும் தபால் சுற்றுக்குப் போவது, முடிந்ததும் நான் உணவுக்கூடத்தில் இறங்கிக்கொள்வது, வண்டியை அங்கேயே நிறுத்திவிடுவது என்று ஏற்பாடு.

"நான்தான் முன்னாடி" என்றார் இவர்.

மகள் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. "இல்லப்பா. பலசாலி பின்னாடிதான் உக்காரணும். கடைச் சட்டம். முன்னாடி சும்மா ஒப்புக்கு ஒருத்தர்."

பொய்யில் என்னை மிஞ்சிவிட்டாள். பெற்ற வயிறு குளிர்ந்தது.

மார்ச் 12, புதன்

முதல் சவாரி. திருப்பத்துக்குத் திருப்பம் கூச்சல்.

"பிரேக் எங்கடி?"

"எங்கிட்ட இருக்கு."

"மணி?"

"அதுவும் எங்கிட்டதான்."

"அப்ப எனக்கு என்னதான் இருக்கு?"

"மிதிக்கிற பாக்கியம் இருக்குல்ல, போதாதா?"

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். இவர் என் கையில் திணித்த உறைமேல் இருக்கும் பெயரை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் ஒரு பேராசிரியர் கொட்டாவியே விட்டார். "அவசரம்னா உங்க பேரக் கொஞ்சம் சின்னதா வச்சிருக்கலாமே சார்" என்றேன். சிரித்துவிட்டார்.

திரும்பி வரும்போது ஆற்றோரப் பாதை. பின்னாலிருந்து, "ஏய்" என்றார்.

"என்ன?"

"எல்லாம் பொகை மாதிரி இருக்குடி. மழைக்காலத்துலருந்தே இப்படித்தான்."

நான் திரும்பவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தேன்.

"டாக்டர்கிட்ட போனா, பார்வை போச்சுன்னு சொல்லிடுவான். சைக்கிள விட்டு எறக்கிடுவாங்க. கீழ்த்தளத்துல உக்காந்து உறை ஒட்டச் சொல்லுவாங்க. என்னால ஆகாதுடி." பிறகு, "உன் முதுகுகிட்ட சொல்றது சுலபமா இருக்கு" என்றார்.

நாக்கு நுனிவரை கேலி ஒன்று வந்தது. விழுங்கிவிட்டேன். எனக்கும் கொஞ்ச தூரத்துக்குப் பாதை புகையாகத்தான் தெரிந்தது.

மார்ச் 14, வெள்ளி

கடத்திவிட்டேன்! தபாலெல்லாம் கொடுத்தாகிவிட்டது, வேதியியல் துறைக்கு மட்டும் பாக்கி. பாலம் தாண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டும். நான் வலப்பக்கம் ஒடித்தேன். "இன்னைக்கு வேற வழியாப் போவோம், அங்க பள்ளம் தோண்டிப் போட்டிருக்கான்" என்றதும் நம்பிவிட்டார். மேடு வந்தது. "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க" என்றேன். பாவம், மூச்சு வாங்க மிதித்து, தன்னைத்தானே கண் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து சேர்த்தார்.

மருந்து வாசனை வந்ததும்தான் புரிந்தது. "அடிப்பாவி!"

"இறங்குங்க."

"மாட்டேன்."

"அப்ப வண்டியோட உள்ள தள்ளிட்டுப் போறேன். தபால் வந்திருக்குன்னு டாக்டரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்குவாரு."

இறங்கினார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கண்புரையாம். இரண்டு கண்ணிலும். ஒன்று மாற்றி ஒன்று ஆபரேஷன் செய்தால் தெளிந்துவிடுமாம். "இவ்வளவு முத்தவிட்டுட்டு சைக்கிள் ஓட்டுனீங்களா?" என்று டாக்டரம்மா வாங்கு வாங்கென்று வாங்கினார். இவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்புறம் வண்டி ஓட்டலாமா?"

"ஓட்டலாம். நான் சொன்னப்புறம்."

வெளியே வந்து சுவரோரமாக நின்று மூக்கைச் சிந்தினார். தூசியாம். வேதியியல் தபால் அப்புறம்தான் போய்ச் சேர்ந்தது.

மார்ச் 20, வியாழன்

ஒரு கண் முடிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு, கடற்கொள்ளைக்காரர் மாதிரி படுத்திருக்கிறார். நான் சிரித்தால் முறைக்கிறார், ஒற்றைக் கண்ணால். அதுவும் வேறு பக்கம்.

மார்ச் 22, சனி

இவர் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூச்சமாகிவிட்டது. "என்னங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. இவ்ளோ நரைச்சுப்போச்சா உனக்கு? சொல்லவே இல்ல?"

விளக்குமாற்றைத் தேடினேன். அதற்குள் ஓடிவிட்டார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இரண்டாவது கண்ணும் முடிந்து நாளாகிவிட்டது. தனியாக ஓட்டலாம் என்று டாக்டரம்மா நேற்றுச் சொல்லிவிட்டார். ஆனால் காலையில் இவர் நீள சைக்கிளைத்தான் வெளியே எடுத்தார். பேசாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பாலத்து மேட்டில் வண்டி நகரவே மாட்டேன் என்றது. நுரை தள்ளுகிறது எனக்கு. எதிரே வந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். என்னடா என்று திரும்பிப் பார்த்தால், துரை இரண்டு காலையும் சட்டத்தின்மேல் தூக்கி வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து மரத்தைப் பார்த்தபடி வருகிறார். மூக்கு விடைத்திருக்கிறது.

"என்னங்க இது அநியாயம்? மிதிங்க!"

"இலையெல்லாம் ஒண்ணொண்ணாத் தெரியுதுடி" என்றார். "நீ மிதி. நான் பாக்கணும்."

மிதித்தேன்.