தளபதி நெற்றியின் வாள்வெட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இங்கே அடிதடி எதுவும் இல்லை, வாய்ச்சண்டை மட்டும்தான்.

அமெரிக்காவில் புதைக்கப்பட்ட நம் போலந்துக் குதிரைப்படைத் தளபதி வோல்ஸ்கியின் எலும்புகளைப் போன வாரம் ஆய்வுக்கூடத்தில் சோதித்தோம். மரபணு அவர் தங்கை வழிப் பேத்தியோடு பொருந்துகிறது. இடுப்பெலும்போ பெண்ணுடையது போலிருக்கிறது. உடனே இங்கே உள்ள தளபதி நினைவுக்குழுத் தலைவர் ஹாலெட், "சவப்பெட்டி மாறிப்போச்சும்மா. இது யாரோ சமையல்காரி" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சமையல்காரி நெத்தியில வாள்வெட்டு எப்படி சார் வந்துச்சு? பீட்ரூட் நறுக்கும்போதா?"

"உன் வேலையை மட்டும் பாரு" என்றார்.

உலர்ந்த காளானும் கம்பளிக் காலுறையும் அனுப்புங்கள். ஆய்வுக்கூடம் குளிர்கிறது. போலிஷ் மொழியில் பேச எனக்கு அங்கே தளபதி மட்டும்தான் இருக்கிறார்.

தளபதி பெண்ணாக இருக்கலாம் என்ற செய்தி வந்ததும், கல்லறைத் திருநாளுக்கு அவர் சிலையடியில் இனி மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை என்று உங்கள் சங்கம் முடிவெடுத்ததாமே? நீங்களும் கை தூக்கினீர்களா அப்பா? வருடாவருடம் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அங்கே போனவர் நீங்கள்தானே! இந்த முறை தனியாகவாவது போய் ஏற்றுங்கள். யாராவது சிரித்தால், அவர்கள் நெற்றியைக் காட்டச் சொல்லுங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
யாத்விகா