ஆறு மணிப் பிளேன் பிந்தவில்லை

நேற்றுப் பின்னேரம் மகள் உங்கள் கொம்பியூட்டரைப் போட்டாள். சூடேறின தூசி மணம் அறை முழுக்கப் பரவியது. நீங்கள் அசர் தொழுதுவிட்டுக் கதிரையை இழுத்துப் போடும் நேரத்து மணம்.

அதில் இருக்கும் விமான விளையாட்டில் பிளேன் ஓட்ட உங்களுக்கு ஆசையில்லை. திரையில் நமது திருகோணமலை, அதில் வந்துபோகும் பிளேன்கள், அவற்றுக்கு நீங்களே எழுதும் நேரசூசி. அது போதும். ஆனால் எந்தப் பிளேனும் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. கொழும்பிலிருந்து வரும் ஆறு மணிப் பிளேன் ஆறரைக்குத்தான் இறங்கும். நேரசூசியை லண்டன் நேரத்தில் எழுத வேண்டுமாம். நீங்கள் விரல் மடித்து ஐந்தரை மணித்தியாலம் கழித்துக் கழித்து எழுதினீர்கள்.

"நானாக்குக் கழித்தல் மறந்து போச்சு" என்று உங்கள் தம்பி சிரித்தார். அன்றைக்கு அவருடைய தேத்தண்ணிக்கு நான் சீனி போடவில்லை. நீங்களோ, "எனக்குத்தான் எங்கயோ பிழைக்குது" என்றீர்கள். அந்தச் சொல்லோடு நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நேற்றும் ஆறரைக்குத்தான் வந்தது. நான் பிளேனைப் பார்க்கவில்லை, வெளிச்சத்தைப் பார்த்தேன். யன்னலுக்கு வெளியே மஃரிப் பாங்கு சொல்லி முடிந்து இருட்டிவிட்டது. திரை மணிக்கூட்டிலும் அதே ஆறரை, ஆனால் தம்பலகாமம் பக்கம் அப்போதுதான் சூரியன் இறங்குகிறது.

"புள்ள, பிளேன் பிந்தேல்ல. மணிக்கூடுதான் முந்தி ஓடுது. இது அந்தப் புது நேரம்" என்றேன்.

நினைவிருக்கிறதா? அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, பிறகு திருப்பி வைத்ததே, அந்த வருடங்கள். "அரசாங்கம் சொன்னா சூரியன் முந்துமா?" என்று நீங்கள் நமது வீட்டில் பழைய நேரத்தையே வைத்திருந்தீர்கள். அதை நம்பி என் தங்கச்சியின் நிக்காஹ்வுக்குப் புறப்பட்டோம். கிண்ணியாத் துறைக்குப் போனால், ஆட்களை ஏற்றிக்கொண்டு பாதைப் படகு நடுத் தண்ணியில் போகிறது. நாம் போய்ச் சேர்ந்தபோது சாப்பாடுதான் மிச்சம். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

மகள் விளையாட்டுக்குள்ளே தேடிப் பார்த்தாள். "ஓம் உம்மா, இது அந்தக் காலத்தில செஞ்சது. நம்மட நாட்டு நேரத்தை இன்னும் அரை மணித்தியாலம் கூட்டித்தான் வெச்சிருக்கு. வாப்பாட கணக்கில பிழையே இல்ல."

வீட்டுக்குள் விடமாட்டேன் என்ற நேரத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

அவள் அதைத் திருத்தினாள். இன்றைக்கு உங்கள் தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினேன். மணிக்கூடு ஆறு காட்ட, பிளேனின் சில்லு நிலத்தில் பட்டது. அவர் விரல் மடித்து ஐந்தரை கழித்துப் பார்த்தார். பிறகு, "நானாட கணக்குச் சரிதான் மதினி" என்றார். தேத்தண்ணிக்குச் சீனி போட்டேன்.

இனிப் பின்னேரங்களில் நானே கதிரையை இழுத்துப் போடப்போகிறேன். நேரசூசியில் மட்டக்களப்புக்கும் ஒரு பிளேன் விட மகளிடம் சொல்லியிருக்கிறேன். நிக்காஹ் கோபத்தில் பாதியை இன்றைக்கு விட்டுவிட்டேன். மற்றப் பாதி என்னிடமே இருக்கட்டும். உங்களைக் காணும்போது கதைக்க ஏதாவது வேண்டுமே.