வயிற்றில் ஒட்டிய உப்புத் தண்ணீர்

வியாழன் இரவு

அடுத்த வாரம் கவிதாவுக்கு இன்சுலின் பம்ப் மாட்டுகிறார்கள். இனி தினமும் நாலு ஊசி வேண்டாம். ஆனால், "மொதல்ல அப்பா போட்டுப் பாக்கட்டும்" என்று கிளினிக் நர்ஸ் மிஸியிடம் சொல்லிவிட்டாள். மிஸியும் சிரித்துக்கொண்டே, வெறும் உப்புத் தண்ணீர் நிரப்பிய பம்பின் டியூபை ஊசியோடு என் வயிற்றில் ஒட்டி, மாற்று ஊசி ஒன்றையும் கொடுத்தனுப்பினார்.

இன்று நான் ஓட்டும் ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டியூப் கியர் கம்பியில் மாட்டிப் பிய்ந்துவிட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடும்போது கவிதா கேட்டாள்.

"எப்படிப்பா இருக்கு?"

"ஒன்னும் தெரியலமா. போட்டதே மறந்து போச்சு."

சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். "கழண்டு கெடக்கு. அப்புறம் எப்படி தெரியும் லா?"

மாற்று ஊசியை எடுத்து வந்தாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். போட்டு முடித்ததுகூடத் தெரியவில்லை. எட்டு வயதிலிருந்து தனக்குத் தானே குத்திக்கொண்ட கை அது.

"திங்கக்கெழம எனக்கு நீங்கதான் போடணும். கண்ண மூடக் கூடாது."

இதுவரை தன் ஊசியை யாரையும் தொடவிட்டதில்லை அவள்.

சரி என்றேன், கண்ணைத் திறந்துகொண்டே.